பர்மா போர்முனையில் பட்டாளத்துப் பொறியாளர்: வேலையும் ஓய்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானியருக்கு எதிராக 1942 முதல் 1945 வரை நடந்த போரில் அசாம், மணிப்பூர், அரக்கான் (பர்மாவின் மேற்குக் கடற்கரை), பர்மா ஆகிய இடங்களில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவுகள் என்ன செய்தன, வேலை இல்லாத நேரத்தில் எப்படி இருந்தன என்பதுதான் இந்தப் பக்கம். பாலம், சாலை, தண்ணீர் பற்றிய கேள்விகளுக்கு விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறோம். சண்டைக் கணக்கு வேண்டுவோருக்கு இங்கே அதிகம் கிடைக்காது.

சேப்பர் என்றால் யார்? பொறியாளரும் சேப்பரும் ஒன்றா?

கோட்டையை முற்றுகையிடும்போது எதிரியின் குண்டுக்குத் தப்பி நெருங்குவதற்காக வெட்டும் பள்ளத்துக்குப் பிரெஞ்சு வழியில் 'சாப்' என்று பெயர். அதை வெட்டுபவர் சேப்பர். பின்னாளில் பொறியாளர் படையின் சாதாரணச் சிப்பாய்க்கே அது பதவிப் பெயராகிவிட்டது. ராயல் எஞ்சினியர்ஸ் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் படையில் பயின்ற அதிகாரியையும் பேச்சுவழக்கில் சேப்பர் என்றே சொல்வார்கள். இந்திய ராணுவத்தில் அப்போது மூன்று பெரும் படைகள் இருந்தன: பெங்களூரில் மதராஸ் சேப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், ரூர்க்கியில் பெங்கால், கிர்க்கியில் பம்பாய். மதராஸ் படையின் வேர் 1780-இல் இருக்கிறது. அதன் ஆட்களுக்கு ராணுவம் முழுவதும் ஒரே செல்லப்பெயர்தான்: 'தம்பி'. தமிழர், தெலுங்கர், மலையாளி, கன்னடியர் எல்லாருமே தம்பிதான்.

ஒரு டிவிஷனில் எத்தனை பொறியாளர் கம்பெனிகள் இருந்தன?

வழக்கமாக மூன்று ஃபீல்ட் கம்பெனி, ஒரு ஃபீல்ட் பார்க் கம்பெனி. ஃபீல்ட் கம்பெனி என்பது சுமார் 250 பேர். காலாட்படையோடு முன்னால் போய்ப் பாதை வெட்டுவது, பாலம் போடுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் பொறுப்பு. பார்க் கம்பெனி என்றால் பட்டறையும் சாமான் கிடங்கும். தச்சர், கொல்லர், வெல்டர், பம்பு ஓட்டுபவர், புல்டோசர் ஓட்டுபவர் எல்லாரும் அங்கே. மேலே சி.ஆர்.இ., அதாவது டிவிஷனின் பொறியாளர்களுக்கெல்லாம் தலைவரான லெப்டினன்ட் கர்னல் ஒருவர். கம்பெனி மேஜர் பெரும்பாலும் வெள்ளைக்காரர். ஆனால் வேலைத்தளத்தை நடத்தியது அவருக்குக் கீழிருந்த இந்திய அதிகாரிகளான சுபேதாரும் ஜமேதாரும்தான். ஆணி எத்தனை, ஆள் எத்தனை, இருட்டுவதற்குள் முடியுமா என்பதெல்லாம் சுபேதாரின் விரல்நுனியில் இருக்கும்.

பாலத்தை உடைப்பதுதானே பொறியாளரின் முக்கிய வேலை?

1942-இல் ஜப்பானியர் துரத்தப் பர்மாவிலிருந்து பின்வாங்கும்போது அப்படித்தான் இருந்தது. அதில் எல்லாரும் நினைவில் வைத்திருப்பது சிட்டாங் பாலம். 1942 பிப்ரவரி 23 விடியற்காலையில் 17-வது இந்திய டிவிஷனின் பெரும்பகுதி எதிர்க்கரையில் இருக்கும்போதே அது தகர்க்கப்பட்டது. வெடிமருந்தை வைத்தது மாலேர்கோட்லா சமஸ்தானத்துச் சேப்பர்கள். வெடிக்கச் சொன்னது மேலிடம். பாலத்தைத் தகர்ப்பதில் மருந்தைக் கட்டுவது சின்ன வேலை. எப்போது, யார் சொல்லி என்பதுதான் கஷ்டம். முன்கூட்டி வெடித்தால் நம் ஆட்கள் அக்கரையில் மாட்டுவார்கள். தாமதித்தால் பாலம் எதிரிக்குப் போய்விடும்.

1943-க்குப் பிறகு கதை தலைகீழ். கட்டுவதே வேலை.

அப்படியானால் அன்றாடம் எதோடு மல்லுக்கட்டினார்கள்?

தண்ணீரோடு. அசாம்–பர்மா எல்லையில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை. அரக்கானில் ஆண்டுக்கு 200 அங்குலம் வரை கொட்டும். திமாபூரிலிருந்து கோஹிமா வழியாக இம்பாலுக்குச் சுமார் 130 மைல். போர் வந்தபோது அது ஒரு மலைச்சாலை, அவ்வளவுதான். இம்பாலுக்கு அப்பால் பலேல், தமு வழியாகப் போனது பெரும்பாலும் கால்நடைத் தடம். 1942-இல் ரங்கூனிலிருந்து நடந்தே வந்த தமிழ்க் குடும்பங்களில் பலவும் இந்தத் தமு–பலேல் வழியாகத்தான் வந்தன. அதே தடத்தில் லாரி போகும்படி செய்வதுதான் பொறியாளருக்குக் கொடுத்த வேலை.

மலைச்சாலையில் வேலை செய்தவர்களின் முதல் பாடம் வடிகால். மேட்டுப்பக்கம் ஓடை வெட்டி, அந்த நீர் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் சாலைக்கு அடியில் குழாய் வழியாகக் கீழே போகும்படி செய்ய வேண்டும். குழாய் இல்லாத இடத்தில் அடியும் மூடியும் வெட்டிய எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாகக் கோத்துப் புதைக்கலாம். இலையும் மண்ணும் அடைத்துக்கொண்டால் நீர் சாலைமேல் ஏறும். ஒரே இரவில் ஓரம் கரைந்து விழும். மழைக்காலத்தில் சாலைக் கும்பலின் வேலையில் பாதி, மண்வெட்டியோடு நடந்து ஓடை அடைப்பை எடுப்பதுதான்.

பர்மாவின் சின் மலையில் உள்ள டிட்டிம் அருகே ஒரு ஏற்றத்துக்கு 'சாக்லேட் படிக்கட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். 7 மைலில் 3,000 அடி ஏறும். 38 கொண்டை ஊசி வளைவுகள். சராசரிச் சரிவு 12-க்கு 1. காய்ந்திருக்கும்போது அது சாலை. மழை பெய்தால் பெயருக்கேற்ற குழம்பு.

சணலில் சாலை போட்டார்களாமே, உண்மையா?

உண்மைதான். சணல் சாக்குத்துணியைத் தாரில் தோய்த்து விரிப்பது. இதற்கு 'பித்தெஸ்' என்று பெயர். பிட்டுமன், ஹெஸியன் இரண்டும் சேர்ந்த ஒட்டுப்பெயர். பர்மா முனையில் போரிட்ட பதினான்காவது ராணுவத்தின் தலைமைப் பொறியாளர் ஹேஸ்டட் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தினார். கல் கிடையாது, சிமெண்ட் கிடையாது, ஆனால் வங்காளத்தில் சணல் மலைமலையாகக் கிடக்கிறது என்பதே காரணம்.

செய்முறை எளிது, பொறுமைதான் வேண்டும். மண்ணை நடு உயர்ந்து இருபுறமும் சரியும்படி வெட்டிச் சமன் செய்து, கையால் திமிசு போட்டு இறுக்க வேண்டும். வேர், கல், மூங்கில் குத்து ஒன்றுகூடத் துருத்தக் கூடாது. துருத்தினால் துணி அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். பிறகு தாரில் தோய்த்த சணல் பட்டைகளை விரிக்க வேண்டும். ஓட்டுக்கூரை வேய்வதுபோல ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கி வர வேண்டும். மேல்பட்டையின் விளிம்பு கீழ்ப்பட்டையின் மேல் படிய வேண்டும். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும் வாயாகிவிடும்.

இந்தத் துணி பாரம் தாங்குவதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள காய்ந்த மண். துணி வெறும் குடை. அதனால் ஓட்டை விழுந்தால் குடையில் ஓட்டை விழுந்த கதைதான்: நாலணா அகலக் கிழிசல் வழியாக நீர் இறங்கும், மண் களியாகும், சக்கரம் அமுங்கும், மறுநாள் அங்கே லாரி புதையும் குழி இருக்கும். ஆகவே தார்ச்சட்டியும் சாக்குத் துண்டுமாக ஒட்டுப்போடும் கும்பல்கள் ஓயாமல் நடந்துகொண்டே இருக்க வேண்டும். டாங்கியின் சங்கிலி இதைக் கிழித்துவிடும். அதற்குத் தனித் தடம் வேண்டும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை ஒடிப்பதும் ஆகாது.

அரக்கானில் வேறு வழி. கல் கிடைக்காத வண்டல் மண் அது. சாலையோரமே சூளை போட்டுச் செங்கல் சுட்டு, அந்தச் செங்கல்லாலேயே சாலை போட்டார்கள். சணலின் புகழ் இன்னொரு பக்கமும் பரவியது: வானிலிருந்து சாமான் போடப் பட்டுப் பாராசூட் கிடைக்காதபோது கல்கத்தாவில் சணலிலேயே பாராசூட் தைத்தார்கள். மனிதனை நம்பி இறக்க முடியாது. அரிசி மூட்டைக்குப் போதும்.

விமானத்தளத்துக்கு இரும்புத் தகடு போடவில்லையா?

கிடைத்த இடத்தில் போட்டார்கள். துளையிட்ட எஃகுத் தகடு ஒன்று 10 அடி நீளம், 15 அங்குல அகலம், 66 பவுண்டு எடை, 87 துளை. ஓரக் கொக்கிகளை அடுத்த தகட்டின் துளைக்குள் மாட்டித் தள்ளினால் பூட்டிக்கொள்ளும். இருவர் தூக்கிவிடலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 5,000 அடிக்கு 150 அடி ஓடுபாதை என்றால் 60,000 தகடு, எடை 39.6 லட்சம் பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1,800 மெட்ரிக் டன். இவ்வளவையும் மீட்டர்கேஜ் ரயிலிலும் மலைச்சாலையிலும் ஏற்றி வர வேண்டும். சணலுக்கு ஏன் போனார்கள் என்பது இப்போது புரியும். தகட்டிலும் அடிமண் களியானால் பயனில்லை. விமானம் இறங்கும்போது துளை வழியாகச் சேறு பீய்ச்சி அடிக்கும், தகடு அலைபோல வளையும்.

பெய்லி பாலம் என்பது என்ன? ஏன் அவ்வளவு பெருமை?

டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் போர்க்காலத்தில் வடிவமைத்த, கையாலேயே பூட்டக்கூடிய எஃகுப் பாலம். அதன் உயிர் பேனல்: 10 அடி நீளம், சுமார் 5 அடி உயரம், 570 பவுண்டு, ஏறத்தாழ 260 கிலோ. ஆறு பேர் தடி கொடுத்துத் தூக்கலாம். ஆளுக்கு 43 கிலோ. குறுக்கே போகும் டிரான்சம் என்ற உத்தரத்துக்கு எட்டுப் பேர். கிரேன் வேண்டாம், ரிவெட் வேண்டாம், வெல்டிங் வேண்டாம். எந்தத் துண்டும் மூன்று டன் லாரியில் அடங்கும்.

இன்னொரு சிறப்பு, ஒரே சாமானைக் கொண்டு வலுவைக் கூட்டலாம். 'டபுள் சிங்கிள்' என்றால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு பேனல் ஒட்டி, ஒரே அடுக்கு. 'டிரிபிள் டபுள்' என்றால் பக்கத்துக்கு மூன்று, இரண்டு அடுக்கு. 100 அடி டபுள் சிங்கிள் பாலத்துக்குப் பத்து 'பே', அதாவது ஒரு பேனல் நீளமுள்ள பத்துப் பகுதி; பேனல் 10 × 4 = 40. பேனல் இணையும் ஒவ்வொரு இடத்திலும் மேலொன்று கீழொன்று 'பின்' என்ற இணைப்பு ஆணி; ஒன்பது இணைப்பு × 4 × 2 = 72. இரு முனைத் தூண்களுக்கு 16. மொத்தம் 88 பின். பலகை ஒரு பேயில் 13. இந்தக் கணக்கை முதல்நாளே போட்டுச் சாமான் லாரியை அதே வரிசையில் அடுக்கி அனுப்பாவிட்டால், ஆற்றங்கரையில் முதலில் வேண்டியது லாரியின் அடியில் கிடக்கும்.

அதை அக்கரைக்கு எப்படித் தள்ளுகிறார்கள்? என்ன தவறு நேரும்?

இக்கரையில் முன்னும் பின்னும் ஆடிக்கொடுக்கும் ரோலர்களை விளிம்பை ஒட்டி வைத்து, பின்னால் 25 அடிக்கு ஒன்றாகச் சாதா ரோலர் வைப்பார்கள். பாலத்துக்கு முன்னால் பலகை இல்லாத வெறும் எலும்புக்கூட்டுப் பகுதி ஒன்றைப் பூட்டுவார்கள். அதற்கு 'மூக்கு' என்று பெயர். பேனல்களைப் பூட்டப் பூட்ட மொத்தத்தையும் ஆட்கள் கையால் தள்ளுவார்கள். மூக்கு அக்கரை ரோலரைத் தொடும்வரை மொத்த எடையின் மையம் இக்கரை ரோலருக்குப் பின்னாலேயே இருக்க வேண்டும். ஒரு பே கூடுதலாகத் தள்ளினாலும் பாலம் குப்புற ஆற்றில் இறங்கும். மூக்கு அக்கரை சேர்ந்ததும் அதைக் கழற்றிவிட்டு, ஜாக்கி கொடுத்துப் பாலத்தைத் தூக்கி, ரோலரை உருவி, தாங்குதகட்டில் இறக்குவார்கள்.

மூக்கு தன் எடையில் தொங்கும். அக்கரை உயரமாக இருந்தால் மோதி நின்றுவிடும். அதற்காக மூக்கின் அடிப்பகுதியில் தூக்கு இணைப்பு போட்டு முனையை மேல்நோக்கி வளைப்பார்கள். இதை மறந்துவிட்டு அக்கரையில் நின்று கயிற்றால் இழுத்துத் திண்டாடுவது உண்டு.

ரோலர்களின் மட்டம் தவறினால் பாலம் பக்கவாட்டில் நகரும். பின் ஓட்டைக்குள் போகவில்லை என்றால் சுத்தியலை ஓங்குவதற்கு முன் ரோலரைப் பார்க்க வேண்டும். பத்தில் ஒன்பது தடவை குற்றம் அங்கேதான். பின்னின் தலையில் ஒரு பள்ளக்கோடு இருக்கும். அது மறுமுனையில் உள்ள ஊசித்துளையின் திசையைக் காட்டும். இருட்டில் விரலால் தடவியே பின்னைச் சரியாகத் திருப்பலாம். துளையில் ஊசியைப் போடாமல் விட்டால் லாரி அதிர்வில் பின் மெல்ல மெல்ல வெளியே நடந்து வந்துவிடும்.

எல்லாவற்றிலும் மோசமானது கரை. பாலம் கெட்டியாகத்தான் இருக்கும். அது உட்கார்ந்திருக்கும் மண் மழையில் கரையும். அகலமான மரக்கட்டை அடுக்கைத் தாங்குதகட்டுக்கு அடியில் பரப்புவது இதற்காகவே. மழைக்காலத்தில் தினமும் காலையில் கரை அரிப்பைப் பார்க்காத கம்பெனி, ஒருநாள் பாலத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கும்.

உலகிலேயே நீளமான பெய்லி பாலம் பர்மாவில்தானா?

1944 டிசம்பரில் கலேவாவில் சின்ட்வின் ஆற்றின்மேல் போட்ட மிதவைப் பாலம் சுமார் 1,150 அடி. அன்றைக்கு அதுவே மிக நீளமான பெய்லி. துண்டு துண்டாகத் துணையாறான மியித்தாவில் பூட்டி, மிதக்கவிட்டுக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மிதவைப் பாலத்தின் தனித் தொல்லை, நீர்மட்டம் ஏறி இறங்குவதும், வெள்ளத்தில் வரும் மரமும் மூங்கில் புதரும் மிதவைகளில் சிக்கி மொத்தப் பாலத்தையும் இழுப்பதும். மேலாற்றில் தடுப்பு மிதவை கட்டி, ஆள் வைத்துக் கழியால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதே கலேவாவில் ஹேஸ்டட் தேக்கு மரத்தில் படகு கட்டும் துறையையும் தொடங்கினார். அங்கே கட்டிய இரண்டு சிறு பீரங்கிப் படகுகளுக்கு 'பமேலா', 'ஊனா' என்று பெயர். ஒன்று தென்கிழக்கு ஆசியத் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டனின் மகள், மற்றது பதினான்காவது ராணுவத் தளபதி ஜெனரல் ஸ்லிமின் மகள். 1945 பிப்ரவரியில் ந்யாங்குவில் ஐராவதியைக் கடந்தபோது வேறு பாடம் கிடைத்தது: அடிபட்டுப் பழசான படகுகள் ஒழுகின, நடு ஆற்றில் எஞ்சின்கள் நின்றன. படகு எஞ்சினை முந்தின இரவே ஓட்டிப் பார்க்க முடியாது, சத்தம் எதிரிக்குக் கேட்கும்.

யானை?

தேக்குக் கம்பெனி யானைகளை ராணுவம் எடுத்துக்கொண்டது; அவற்றுக்கு ஆலோசகர் ஜே.எச்.வில்லியம்ஸ். சிற்றோடைகளுக்கு மரப்பாலம் போட, பெரிய கட்டைகளைத் துல்லியமாக வைக்க யானைக்கு நிகர் இல்லை. லாரியோடு போட்டிபோட்டு மூட்டை சுமக்க வைப்பது வீண். வெயிலில் நாள் முழுக்க வேலை வாங்கவும் முடியாது; தீனிக்கும் குளியலுக்கும் நேரம் விட வேண்டும். யானையை நடத்துபவர் பாகன்; அவர் ஓடிவிட்டால் யானையும் போயிற்று.

குடிதண்ணீரை எப்படிச் சுத்தம் செய்தார்கள்?

இதுவும் பொறியாளர் வேலைதான். ஆற்று நீரைப் பம்பால் கித்தான் தொட்டிக்கு ஏற்றி, படிகாரம் போட்டுக் கலங்கலை இறக்கி, ப்ளீச்சிங் பவுடர் போடுவார்கள். எவ்வளவு போடுவது என்பதற்கு ஹாரக்ஸ் பெட்டி. அதில் ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம். கறுப்பில் ஒரு அளவுக் கரண்டி, அதாவது 2 கிராம் பவுடரைக் குழைத்துக் கோடுவரை நீர் விட்டுக் கரைக்க வேண்டும். சோதிக்க வேண்டிய நீரை ஆறு வெள்ளைக் கிண்ணத்திலும் நிரப்பி, கறுப்புக் கரைசலை முதலாவதில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஆறுவரை விட வேண்டும். அரை மணி நேரம் கழித்து அயோடைடு–ஸ்டார்ச் திரவம். எந்தக் கிண்ணத்தில் முதலில் தெளிவான நீலம் தெரிகிறதோ, அந்த எண்ணிக்கைக் கரண்டி பவுடர் 100 காலன் நீருக்கு. மூன்றாவதில் நீலம் என்றால் மூன்று கரண்டி.

தவறும் இடம் இரண்டு. பவுடர் டப்பாவைத் திறந்து வைத்தால் புழுக்கத்தில் வீரியம் போய்விடும். கரண்டிக் கணக்கு பொய்யாகும். மற்றது அவசரம்: அரை மணி காத்திராமல் குடிப்பது. சரியாகச் செய்தால் தேநீரில் மருந்து வாடை அடிக்கும், சிப்பாய் திட்டுவார். வாடை நீக்க மாத்திரை உண்டு. அதைக் காத்திருக்கும் நேரம் முடிந்த பிறகே போட வேண்டும், முன்னால் போட்டால் குளோரினையே தின்றுவிடும்.

மலேரியாவால் வேலை நின்றதா?

1943-இல் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒருவருக்கு நோயால் அனுப்பப்பட்டவர் 120 பேர் என்பது ஸ்லிம் தந்த கணக்கு. மாலையானதும் முழுக்கை, முழுக்கால். தினமும் மெப்பாக்ரின் மாத்திரை. தோல் மஞ்சளாகும், ஆண்மை போய்விடும் என்ற வதந்தி வேறு. திடீர்ச் சோதனையில் மாத்திரை விழுங்கியவர்கள் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் கமாண்டிங் ஆபீசரின் வேலை போகும் என்றார் ஸ்லிம். மூன்று பேருக்குப் போனது, பிறகு எல்லாரும் விழுங்கினார்கள். சாலைக் குழிகளிலும் செங்கல் பள்ளங்களிலும் நீர் தேங்காமல் பார்ப்பதும் பொறியாளர் தலையிலேயே விழுந்தது. பள்ளம் தோண்டியது அவர்கள்தானே.

கண்ணிவெடி?

ஆப்பிரிக்காவையும் இத்தாலியையும்விடப் பர்மாவில் குறைவு. ஆனால் நடு பர்மாவின் மெய்க்டிலாவில் ஜப்பானியச் சிப்பாயே விமானக் குண்டோடு குழியில் உட்கார்ந்து, டாங்கி மேலே வரும்போது கல்லால் அடித்து வெடிக்கக் காத்திருந்தார். எந்தக் கருவியும் இதைக் கண்டுபிடிக்காது, கண்தான். முள்கம்பி உடைக்கும் 'பெங்களூர் டார்பிடோ' மதராஸ் சேப்பர்களின் சொந்தச் சரக்கு. 1912-இல் கேப்டன் மெக்ளின்டாக் பெங்களூரில் உருவாக்கியது. மருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று மாட்டிக் கம்பிக்கு அடியில் தள்ளி வெடிப்பார்கள். காஞ்சிபுரம் பக்கத்து சுபேதார் சுப்ரமணியன் கண்ணிவெடிமேல் படுத்துத் தம் ஆட்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் பெற்றது 1944 பிப்ரவரியில், இத்தாலியில். பர்மாவில் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு.

ஓய்வு நேரம் என்று ஒன்று இருந்ததா?

சண்டைக்காரருக்குச் சண்டை நின்றால் ஓய்வு. பொறியாளருக்கு அப்போதுதான் பழுது பார்க்கும் வேலை. ஆனாலும் மாலை என்று ஒன்று வரும். கால்பந்து, வாலிபால், ஹாக்கி. புல்டோசர் கையில் இருப்பதால் மைதானம் பொறியாளர் முகாமில்தான் முதலில் வரும். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஹவுஸி, அதாவது நம் ஊர் கிளப்களில் ஆடும் தம்போலா. பட்டாளம் அதிகாரபூர்வமாக அனுமதித்த சூதாட்டம் அது ஒன்றுதான், மற்றவை இலைமறைவு. நடமாடும் சினிமா வண்டி, தேநீர் வண்டி. 'வாஸ்பி' என்ற பெண்கள் துணைப்படை போர்முனைக்கு மிக அருகே வரை கேன்டீன் நடத்தியது. 1944-இல் பாடகி வேரா லின் பர்மா முனைக்கே வந்து பாடினார். படிக்க, கல்கத்தாவில் அச்சான 'சீயாக்' நாளிதழ். சீயாக் என்பது மவுண்ட்பேட்டனின் தென்கிழக்கு ஆசியத் தலைமையகத்தின் ஆங்கிலச் சுருக்கம். இந்தியச் சிப்பாய்களுக்கு 'பௌஜி அக்பார்'.

வெந்நீர்க் குளியல் எப்படிக் கிடைத்தது?

பீப்பாய், தகரம், பழைய எஞ்சின் ஆயில் மூன்றும் இருக்கும் இடத்தில் வெந்நீர் உண்டு. மண்ணில் சால் வெட்டி, ஒரு இரும்புத் தகட்டை வைத்து, அதன்மேல் நீர் நிரப்பிய பீப்பாய். தள்ளி உயரத்தில் இரண்டு டின்: ஒன்றில் கழிவு எண்ணெய், ஒன்றில் தண்ணீர். இரண்டும் ஒரே குழாய் வழியாகச் சொட்டி, காய்ந்த தகட்டில் விழும். தண்ணீர் ஆவியாய் வெடித்து எண்ணெயைத் தூளாக்கி எரிய வைக்கும். ஒரு சொட்டு எண்ணெய்க்கு இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர். தீ வெளுத்தால் நீர் அதிகம். செங்கறுப்பாய்ப் புகைந்தால் எண்ணெய் அதிகம். முதலில் விறகு போட்டுத் தகட்டை நன்றாகச் சுட வைக்காமல் குழாயைத் திறந்தால் எரியாத எண்ணெய் தேங்கி, பிறகு ஒரேயடியாகப் பற்றி மீசையைப் பொசுக்கும்.

வெடி போட்டு மீன் பிடித்தார்களாமே?

பிடித்தார்கள். விதிப்படி கூடாது. சேப்பரிடம் மருந்தும் டெட்டனேட்டரும் இருக்கிறது, ஆற்றில் மீன் இருக்கிறது. டின் மாமிசமும் பிஸ்கட்டும் தின்று சலித்த வாய். மிதப்பதைவிட அடியில் மூழ்கும் மீனே அதிகம் என்பதால் கீழாற்றில் ஆள் நிறுத்த வேண்டும். ஆற்றுநீரைக் குடிக்கும் கிராமத்துக்கும், மீன் குஞ்சுக்கும் இது செய்த கேட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சாப்பாடு எல்லாருக்கும் ஒன்றா?

இல்லை. மதராஸ் கம்பெனிகளுக்கு அரிசி, வடக்கத்தியருக்கு ஆட்டா. பருப்பு, நெய், சர்க்கரை, தேயிலை பொது. பிரிட்டிஷ் கம்பெனிக்கு டின் மாட்டிறைச்சி, பிஸ்கட், சோயா சாஸேஜ். கடைசியதை விரும்பியவர் இல்லை. வானிலிருந்து போடும்போது மூட்டை மாறிவிட்டால், அரிசிக்காரர் ஆட்டாவோடு விழிக்க வேண்டியதுதான்.

விடுப்பில் ஊருக்கு வர எத்தனை நாள் பிடிக்கும்?

இம்பாலிலிருந்து லாரியில் திமாபூர். அந்த ஸ்டேஷனுக்கு அன்று 'மணிப்பூர் ரோடு' என்று பெயர். அங்கிருந்து மீட்டர்கேஜில் பாண்டு. பிரம்மபுத்திராவில் அப்போது பாலம் இல்லை, 1962-இல்தான் வந்தது, அமின்கானுக்குப் படகு. மறுபடி மீட்டர்கேஜில் பார்வதிபூர், அங்கே அகலப்பாதைக்கு மாறிக் கல்கத்தா, பிறகு ஹவுராவிலிருந்து மதராஸ். போர்ச்சரக்குக்கு வழிவிட்டு நிற்கும் நேரத்தைச் சேர்த்தால் விடுப்பில் பெரும்பங்கு வண்டியிலேயே கழியும். பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு ஷில்லாங், டார்ஜிலிங் பக்கம். அவர்களுடைய வீடு கப்பல் தூரத்தில்.

கடிதம், டைரி, புகைப்படம்?

கடிதத்தில் ஊர்ப்பெயர் கூடாது. ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் எண் மட்டும். அதிகாரி படித்துத் தணிக்கை செய்வார். எழுதத் தெரியாதவருக்குக் கம்பெனியில் எழுத்துத் தெரிந்தவர் எழுதிக் கொடுப்பார். அதனால் பல கடிதங்களில் ஒரே கையெழுத்தும் ஒரே 'நலம், நலமறிய ஆவல்' நடையும் இருக்கும். இங்கிலாந்துக்கு ஏர்கிராஃப்: தாளைப் படம் பிடித்துச் சுருளை மட்டும் விமானத்தில் அனுப்பி, அங்கே சின்னதாக அச்சிட்டுக் கொடுப்பது. முன்னணியில் டைரி எழுதத் தடை இருந்தது. எழுதியவர்கள் இருந்ததால்தான் இவ்வளவும் தெரிகிறது.

ரேடியோ சீயாக்குக்கும் இலங்கை வானொலிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. மவுண்ட்பேட்டனின் தலைமையகம் 1944-இல் கண்டிக்கு மாறியது. படைகளுக்காகக் கொழும்பிலிருந்து ரேடியோ சீயாக் ஒலித்தது. போர் முடிந்த பிறகு அதன் வலுவான ஒலிபரப்புக் கருவிகள் இலங்கை அரசின் கைக்கு வந்தன. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே காதைத் தீட்டிக் கேட்ட இலங்கை வானொலியின் தூரவீச்சுக்கு அடித்தளம் அதுதான்.

சாலையை உண்மையில் போட்டது யார்?

கூலித் தொழிலாளர்கள். அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்து இந்தியத் தேயிலைச் சங்கம் வழியாக ஆயிரக்கணக்கில் அனுப்பப்பட்டவர்களும், நாகா, மணிப்பூர் மலைவாசிகளும், பிற மாகாணத்துக் கூலிப்படைகளும். மண்வெட்டி, கூடை, தலைச்சுமை. பொறியாளர் கோடு போட்டார். புல்டோசர் போன இடம் கொஞ்சம். அசாமிலிருந்து பர்மா வழியாகச் சீனாவை நோக்கிப் போட்ட லெடோ சாலையில் அமெரிக்கப் பொறியாளர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். அவர்களோடும் உள்ளூர்க் கூலிகள் பெருந்திரளாக இருந்தார்கள். நினைவுக் கல்லில் பெரும்பாலும் பட்டாளத்தின் பெயரே இருக்கும்.

சயாம் மரண ரயிலும் இதே பொறியாளர்கள் வேலையா?

இல்லை, அது எதிர்த்தரப்பு. 415 கிலோமீட்டர் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயிலை ஜப்பானிய ராணுவத்தின் 5-வது, 9-வது ரயில்வே ரெஜிமெண்டுகள் இரு முனையிலிருந்தும் போட்டு 1943 அக்டோபரில் இணைத்தன. உழைத்துச் செத்தவர்கள் போர்க்கைதிகளும், அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்களும். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அவர்களில் பெருந்தொகை.

தாத்தா சேப்பராக இருந்தார், ஒரு பதக்கம் மட்டும் இருக்கிறது. எப்படித் தேடுவது?

ஆறு முனை நட்சத்திரமாக இருந்தால் ரிப்பனைப் பாருங்கள். கருநீலத்தின் நடுவே அகலச் சிவப்புப் பட்டை, இருபுற நீலத்திலும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு என்றால் அது பர்மா ஸ்டார். ரிப்பன் போயிருந்தால் நட்சத்திரத்தின் முகத்திலேயே பதக்கத்தின் பெயர் இருக்கும். இந்தியாவில் வழங்கிய பதக்கங்களில் பெரும்பாலும் விளிம்பிலோ பின்புறத்திலோ சிப்பாயின் எண்ணும் பெயரும் படைப்பிரிவின் சுருக்கமும் பொறித்திருக்கும். பிராசோ போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழியும். சாய்வாக டார்ச் அடித்துப் படியுங்கள். எண் கிடைத்தால் பெங்களூர் மதராஸ் பொறியாளர் குழு மையத்தின் ஆவணப் பிரிவுக்கு எண், பெயர், தந்தை பெயர், கிராமம், அன்றைய மாவட்டம் ஐந்தையும் எழுதி அனுப்புங்கள். மாவட்டம் அன்றைய பெயரில் இருக்கட்டும்: செங்கற்பட்டு, வட ஆற்காடு, ராம்நாடு. போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பெயர்ப்பட்டியலில் தேடலாம். பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாகத் தட்டிப் பாருங்கள். முனுசாமி ஒருவரே நாலு எழுத்துக்கூட்டலில் இருப்பார். டிஸ்சார்ஜ் சான்றிதழ் பழைய டிரங்குப் பெட்டியில் இருந்தால் முதலில் அதை எடுங்கள், மடிப்பில் கிழியாமல்.